பயோரியாக்டருக்குள்ள என்ன நடக்குதுன்னு லைவா பாக்குறது: ராமன் ஸ்பெக்ட்ரோஸ்கோபி, மெஷின் லேர்னிங் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயோஃபார்மா மருந்துன்னா எது? சாதாரண மாத்திரைல இருந்து என்ன வித்தியாசம்?

பாராசிட்டமால் மாதிரி மருந்தெல்லாம் கெமிக்கல் ரியாக்ஷன்ல செய்றது, சின்ன மாலிக்யூல், ஒவ்வொரு தடவயும் அச்சு அசலா ஒரே மாதிரி வரும். டிராஸ்டுசுமாப், ரிட்டுக்ஸிமாப், அடாலிமுமாப் மாதிரி ஆன்டிபாடி மருந்துங்க அப்டி இல்ல, அதெல்லாம் உயிருள்ள செல்லு உள்ள உக்காந்து செஞ்சு வெளிய தள்ளுற புரோட்டீன், எடை பாத்தா கிட்டத்தட்ட 1,50,000 டால்டன் (மாலிக்யூல் எடைய சொல்ற அலகு), பாராசிட்டமாலோ வெறும் 151. இதுக்கு ரொம்ப அதிகமா பயன்படுத்துறது சி.ஹெச்.ஓ செல், அதாவது சீன ஹாம்ஸ்டரோட ஓவரில இருந்து 1957ல தியோடர் பக் ஆய்வகத்துல எடுத்து வளத்த செல்லோட வம்சம். இந்த செல்ல வச்சு செஞ்சு முதல்ல அனுமதி வாங்கின மருந்து 1987ல வந்த டி.பி.ஏ, ஹார்ட் அட்டாக் வந்தவங்களுக்கு ரத்தக்கட்டி கரைக்க குடுக்குறது.

செல்லு உயிருள்ளதுங்குறதால அதுக்கு சாப்பாடு, ஆக்ஸிஜன், வெப்பம் எல்லாம் எப்டி அமையுதோ அதப் பொறுத்து அது செய்ற ஆன்டிபாடியும் மாறும். அமினோ ஆசிட் வரிசை ஒண்ணாத்தான் இருக்கும், ஆனா அதுமேல ஒட்டுற சர்க்கரை சங்கிலி, அதாவது கிளைக்கான், கொஞ்சம் மாறிடும், சிலது ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கட்டியாகும், சிலது உடையும். இதுல சில மாற்றம் மருந்தோட வீரியத்தயே மாத்தும். அதனாலதான் உள்ள என்ன நடக்குதுன்னு அப்பப்ப தெரிஞ்சுக்கணும்னு இவ்ளோ பாடு படுறாங்க.

இப்போ வழக்கமா எப்டி பாக்குறாங்க?

பயோரியாக்டர்ங்குறது செல்ல வளக்குற மூடின தொட்டி. அதுல இடையிடையே சாப்பாடு குடுத்துக்கிட்டே செல்ல வளக்குற முறைக்கு ஃபெட்-பேட்ச்னு பேரு, அந்த மாதிரி ஒரு ரன் சாதாரணமா ரெண்டு வாரம் போகும். வெப்பம், பிஹெச், கரைஞ்ச ஆக்ஸிஜன் இந்த மூணுக்கும் உள்ளயே சென்சார் இருக்கு, செகண்டுக்கு செகண்ட் தெரியும். ஆனா உண்மையிலேயே முக்கியமான விஷயங்க, குளுக்கோஸ் எவ்ளோ மிச்சம் இருக்கு, செல்லு கழிவா வெளிய விடுற லாக்டேட் எவ்ளோ சேந்திருக்கு, எத்தன செல்லு உயிரோட இருக்கு, ஆன்டிபாடி எவ்ளோ வந்திருக்கு, இதுக்கெல்லாம் ஒரு ஆள் போய் சாம்பிள் எடுத்து மெஷின்ல போட்டு பாக்கணும், பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரு தடவதான். செல்ல எண்ணுறதுக்கு டிரைபான் ப்ளூ சாயம் கலந்து பாப்பாங்க, செத்த செல்லு நீலமா தெரியும். கிளைக்கான், கட்டியாகுற அளவு இதெல்லாம் டெஸ்ட் லேபுக்கு போய் ரிசல்ட் வர நாள் கணக்காகும்.

இடையில இருக்குற 24 மணி நேரம் என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியாது. சுகர் இருக்கிறவங்க வாரத்துக்கு ஒரு தடவ லேப்ல ரத்தம் குடுத்து பாக்குறதுக்கும், கைல சென்சார் ஒட்டிக்கிட்டு நாள் பூரா கோடு ஏறி இறங்குறத பாக்குறதுக்கும் எவ்ளோ வித்தியாசமோ அவ்ளோ வித்தியாசம் இதுலயும் இருக்கு. அதோட, ஒவ்வொரு தடவ சாம்பிள் எடுக்கும்போதும் கிருமி உள்ள போற ரிஸ்க்கும் கொஞ்சம் இருக்கு.

இதுல ஸ்பெக்ட்ரோஸ்கோபி எங்க வருது?

பயோரியாக்டர் சுவத்துல இருக்குற போர்ட் வழியா ஒரு பேனா மாதிரி நீளமான ப்ரோப்ப உள்ள விடுவாங்க, அதோட நுனில சஃபையர் மாதிரி கெட்டியான ஒரு ஜன்னல் இருக்கும். ஆப்டிக்கல் ஃபைபர் வழியா லேசர் உள்ள போகும், உள்ள இருக்குற மாலிக்யூல் மேல பட்டு சிதறி திரும்பி வரும். திரும்பி வர்ற ஒளில பெரும்பகுதி போன அலைநீளத்துலயே வரும். ஆனா ரொம்ப ரொம்ப கொஞ்சம், கிட்டத்தட்ட கோடில ஒரு ஃபோட்டான், மாலிக்யூலோட அதிர்வுக்கு கொஞ்சம் எனர்ஜிய குடுத்துட்டு இல்லன்னா வாங்கிக்கிட்டு, அலைநீளம் மாறி வரும். எந்த அளவு மாறுதுங்குறது அந்த மாலிக்யூல்ல அணுக்களுக்கு நடுவுல என்ன பாண்ட் (பிணைப்பு) இருக்குங்குறதப் பொறுத்தது, அதனால ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தனி கோலம் கிடைக்கும்.

இததான் ராமன் விளைவுன்னு சொல்றோம். திருச்சில பொறந்த சி. வி. ராமன், கே. எஸ். கிருஷ்ணனோட சேந்து கல்கத்தால 1928 பிப்ரவரி 28ல கண்டது, 1930ல நோபல் வாங்கிக் குடுத்தது. ஆரம்பத்துல அவங்க கையில இருந்தது பெரும்பாலும் சூரிய ஒளியும் ஃபில்டரும் கண்ணும்தான். அந்த கோடில ஒரு ஃபோட்டான இன்னிக்கு ஒரு தொழிற்சாலைல நாள் பூரா விடாம எண்ணுறாங்கன்னு நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே மெய் சிலிர்க்கும்.

ஏன் ராமனத்தான் தேர்ந்தெடுக்குறாங்க? இன்ஃப்ராரெட் எல்லாம் இல்லயா?

இருக்கு, ஆனா தண்ணிதான் பிரச்சன. செல் கல்ச்சர்ல பெரும்பகுதி தண்ணி, தண்ணி இன்ஃப்ராரெட்ட நல்லா உறிஞ்சிடும், நமக்கு வேண்டிய குளுக்கோஸ் சிக்னல் அதுக்கு அடில புதைஞ்சு போயிடும். ராமன்ல தண்ணியோட சிக்னல் பலவீனமானது, 1640 வேவ்நம்பர் (ஸ்பெக்ட்ரம்ல இடத்த குறிக்கிற அளவு) பக்கத்துல ஒரு மேடு தெரியும் அவ்ளோதான், மிச்ச இடம் நமக்கு காலியா கிடைக்கும். நியர் இன்ஃப்ராரெட் மாத்திரை தயாரிப்புல, பவுடர் கலக்குறதுல எல்லாம் ரொம்ப நல்லா வேல செய்யுது, அங்க தண்ணி கம்மி.

வேற சிலதும் இருக்கு. கெப்பாசிட்டன்ஸ் ப்ரோப்னு ஒண்ணு, ரேடியோ அலைவரிசைல மின்புலம் குடுத்தா உயிருள்ள செல்லோட சவ்வு மட்டும் சார்ஜ் புடிச்சு வைக்கும், செத்த செல்லுக்கு சவ்வு ஓட்டையானதால புடிக்காது, அதனால உயிருள்ள செல்லோட அளவ நேரா சொல்லும். செல் எண்ணிக்கைக்கு என் ஓட்டு இதுக்குத்தான், ராமனுக்கு இல்ல. ஃப்ளோரசன்ஸ், அதாவது ஒளி பட்டதும் சில பொருள் தானா மின்னுறது, அத வச்சு டிரிப்டோஃபேன், என்.ஏ.டி.ஹெச் மாதிரி பொருள பாக்கலாம். புரோட்டீன சுத்தம் பண்ற கட்டத்துல யூ.வி. ரொம்ப உதவும்.

எந்த லேசர்? எவ்ளோ நேரம் எடுக்கும்?

பெரும்பாலும் 785 நானோமீட்டர். அலைநீளம் கம்மியாக கம்மியாக ராமன் சிக்னல் வேகமா கூடும், ஆனா 532 மாதிரி பச்சை லேசர் போட்டா மீடியால (செல்லுக்கு சாப்பாடா இருக்குற திரவம்) இருக்குற விட்டமின், புரோட்டீன் எல்லாம் ஃப்ளோரசன்ஸ்ல மின்னி சிக்னல மூடிடும். 1064க்கு போனா ஃப்ளோரசன்ஸ் தொல்லை குறையும், ஆனா சிக்னல் ரொம்ப வீக், சாதாரண சிலிக்கான் டிடெக்டரும் அங்க வேலைக்கு ஆகாது. அதனால 785 ஒரு நடுவழி.

சிக்னல் பலவீனம்ங்குறதால ஒரே ஒரு ஷாட் போதாது, பல ஸ்கேன் எடுத்து சராசரி பண்ணுவாங்க, செல் கல்ச்சர்ல ஒரு அளவீட்டுக்கு சில நிமிஷத்துல இருந்து கால் மணி நேரம் வரைக்கும் ஆகும். செல்லு வளர்ற வேகத்துக்கு இது தாராளம். இன்னொண்ணு, கண்ணாடி ரியாக்டரா இருந்தா அலுமினியம் ஃபாயில் சுத்தி வைக்கணும், ரூம் லைட் உள்ள போனாலே ஸ்பெக்ட்ரம்ல தேவயில்லாத பீக் வரும்.

பீக்க பாத்து நேரா குளுக்கோஸ் எவ்ளோன்னு சொல்ல முடியாதா? மெஷின் லேர்னிங் எதுக்கு?

தண்ணில சர்க்கரை மட்டும் கலந்திருந்தா சொல்லிடலாம். குளுக்கோஸுக்கு 1125 வேவ்நம்பர் பக்கத்துல, லாக்டேட்டுக்கு 855 பக்கத்துல, ஃபினைல்அலனினுக்கு 1003ல தெளிவான பீக் இருக்கு. ஆனா கல்ச்சர் மீடியால அமினோ ஆசிட், விட்டமின், உப்பு, புரோட்டீன், செல்லு, செத்த செல்லோட துணுக்குன்னு எத்தனயோ பொருள் ஒண்ணா கலந்து கெடக்கு, எல்லாரோட பீக்கும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி நிக்கும், அடில ஃப்ளோரசன்ஸ் ஒரு பெரிய மேடு மாதிரி நாளுக்கு நாள் ஒசந்துக்கிட்டே போகும், அதுல லிட்டருக்கு சில கிராம் இருக்குற குளுக்கோஸ கண்ணால பிரிச்சு எடுக்க முடியாது.

அதனால முதல்ல ஸ்பெக்ட்ரத்த சுத்தம் பண்ணுவாங்க. காஸ்மிக் கதிர் டிடெக்டர்ல பட்டு வர்ற ஊசி மாதிரி பீக்க எடுக்கணும், 1964ல சாவிட்ஸ்கியும் கோலேயும் சொன்ன முறைல டெரிவேட்டிவ் எடுத்தா அடில இருக்குற மேடு பெரும்பாலும் போயிடும், அப்புறம் ஒவ்வொரு ஸ்பெக்ட்ரத்தயும் ஒரே அளவுகோலுக்கு கொண்டு வரணும். இதுக்கப்புறம்தான் மாடல். இந்த துறைல ரொம்ப நாளா ஆட்சி பண்றது பிஎல்எஸ், பார்ஷியல் லீஸ்ட் ஸ்கொயர்ஸ். ஹெர்மன் வோல்ட் ஆரம்பிச்சு அவர் மகன் ஸ்வான்டே வோல்ட் வேதியியலுக்கு கொண்டு வந்தது. ஸ்பெக்ட்ரம்ல ஆயிரக்கணக்கான அலைவரிசை இருக்கும், அத்தனயையும் தனித்தனியா எடுத்துக்காம, குளுக்கோஸோட சேந்து மாறுற சில திசைகளா சுருக்கி, அதுல இருந்து அளவ கணிக்கும். ரிசல்ட் நல்லா இருந்தா குளுக்கோஸ் பிழை லிட்டருக்கு அரை கிராமுக்குள்ள நிக்கும்.

2011ல பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்க்விப் கம்பெனி ஆராய்ச்சியாளர்கள் ஒரே ப்ரோப்ப வச்சு குளுக்கோஸ், லாக்டேட், குளூட்டமின், குளூட்டமேட், அம்மோனியம், உயிருள்ள செல், மொத்த செல்னு ஏழு விஷயத்த ஒரே நேரத்துல கணிச்சு பேப்பர் போட்டாங்க. அதுக்கப்புறம் இந்த ஃபீல்டு நல்லா சூடு புடிச்சிடுச்சு.

அப்ப டீப் லேர்னிங் போட்டா இன்னும் நல்லா வருமா?

இந்த கேள்வி ரொம்ப வரும், கம்ப்யூட்டர் சயின்ஸ்ல இருந்து வர்றவங்க முதல்ல கேக்குறதே இதான். யோசிச்சு பாருங்க, ஒரு பேட்ச் ரெண்டு வாரம், ஒரு நாளைக்கு ஒரு லேப் ரிசல்ட், அப்ப ஒரு பேட்ச்ல லேபிள் உள்ள டேட்டா பதினஞ்சு இருவது பாயிண்ட்தான், பத்து பேட்ச் ஓட்டினாலும் இருநூறு தாண்டாது. ஸ்பெக்ட்ரம் ஆயிரக்கணக்குல இருக்கும், ஆனா அதுக்கு நேரா உண்மையான விடை இருக்குறது அந்த இருநூறுக்குத்தான். இவ்ளோ கொஞ்சமான டேட்டால கன்வல்யூஷனல் நெட்வொர்க் (ஒரு வகை டீப் லேர்னிங் மாடல்) போட்டா பிஎல்எஸ்ஸ விட நல்லா வரும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது, பல நேரம் சமமாவோ மோசமாவோதான் வரும்.

எங்க புது முறைங்க நிஜமாவே உதவுதுன்னா, நிறைய ப்ராடக்டோட பழைய டேட்டா குவிஞ்சு கெடக்குற இடத்துல. 2019ல ஆம்ஜென் குழு ஒண்ணு வெளியிட்டாங்க: ஒவ்வொரு புது ஸ்பெக்ட்ரம் வரும்போதும் பழைய லைப்ரரில அதுக்கு நெருக்கமா இருக்குறத மட்டும் பொறுக்கி எடுத்து அந்த நிமிஷத்துக்குன்னு ஒரு சின்ன காஸியன் ப்ராசஸ் மாடல் கட்டுறது. இதுல ரெண்டு நல்லது இருக்கு, ஒவ்வொரு செல் லைனுக்கும் முதல்ல இருந்து மாடல் கட்ட வேண்டிய வேல குறையும், கூடவே கணிப்போட நம்பகத்தன்மை எவ்ளோன்னும் அதுவே சொல்லும். ரெண்டாவது விஷயம்தான் என் பார்வைல பெருசு. குளுக்கோஸ் 4 கிராம்னு மட்டும் சொல்ற மாடல விட, 4 கிராம், ஆனா இந்த தடவ எனக்கு சந்தேகமா இருக்குன்னு சொல்ற மாடல் ப்ளான்ட்ல இருக்குறவங்களுக்கு எவ்ளோவோ மேல்.

மாடல் சரியாத்தான் கணிக்குதான்னு எப்டி நம்புறது?

இந்த பேஜ்ல ஒரே ஒரு பதில்தான் படிக்க நேரம் இருக்குன்னா இத படிங்க.

ஒரு ஃபெட்-பேட்ச்ல நாள் போகப் போக செல்லு கூடும், ஆன்டிபாடி கூடும், குளூட்டமின் குறையும், ஃப்ளோரசன்ஸ் ஒசரும், எல்லாமே நேரத்தோட சேந்து ஓடும். இப்ப ஆன்டிபாடி அளவ கணிக்க மாடல் கட்டுறீங்க, ஆர் ஸ்கொயர் (கணிப்பு உண்மையோட எவ்ளோ ஒத்துப்போகுதுன்னு சொல்ற அளவு, 1 வந்தா முழுசா பொருத்தம்) 0.98 வருது, எல்லாரும் கை தட்டுவாங்க. ஆனா அந்த மாடல் ஆன்டிபாடியத்தான் பாத்துச்சா, இல்ல ஃப்ளோரசன்ஸ் ஒசந்ததப் பாத்து இன்னிக்கு எத்தனாவது நாள்னு கண்டுபுடிச்சு அதுக்கு வழக்கமா எவ்ளோ ஆன்டிபாடி இருக்குமோ அத ஒப்பிச்சுதா? ரெண்டும் கிராஃப்ல ஒரே மாதிரி தெரியும். எல்லா பேட்ச்சும் நல்லபடியா ஓடுற வரைக்கும் வித்தியாசமே தெரியாது. ஒரு நாள் செல்லு ஆன்டிபாடி செய்றத நிறுத்திடுச்சுன்னா, அன்னிக்கும் இந்த மாடல் எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லும். எந்த நாளைக்காக இத வாங்கி வச்சோமோ அந்த நாள்ல கை விட்டுடும்.

இத உடைக்க வழி இருக்கு. ஸ்பைக்கிங்னு சொல்வாங்க, சாம்பிள் எடுத்து அதுல வேணும்னே குளுக்கோஸயோ லாக்டேட்டயோ கூட்டி ஸ்பெக்ட்ரம் எடுக்குறது, அப்ப மத்ததெல்லாம் அப்டியே இருக்க அது மட்டும் மாறும், நேரத்தோட இருந்த கட்டு அறுந்துடும். இல்லன்னா வேணும்னே வித்தியாசமா ஃபீட் குடுத்து சில பேட்ச் ஓட்டலாம், ஒண்ணுல சர்க்கரை அதிகமா, ஒண்ணுல பட்டினி போட்டு. காசு செலவுதான், ஆனா நல்லபடியா ஓடுன பத்து பேட்ச்ச விட கோணலா ஓடுன மூணு பேட்ச் மாடலுக்கு அதிகமா கத்துக்குடுக்கும்.

அடுத்தது டெஸ்ட் பண்ற முறை. ஸ்பெக்ட்ரத்த எல்லாம் கலைச்சுப் போட்டு 80 சதவீதம் டிரெயினிங், 20 சதவீதம் டெஸ்ட்னு பிரிக்காதீங்க, ஒரே பேட்ச்ல அடுத்தடுத்து எடுத்த ரெண்டு ஸ்பெக்ட்ரம் ஒண்ணு அங்கயும் ஒண்ணு இங்கயும் போயிடும், அது விடைத்தாள பாத்து எழுதுற கணக்கு. முழு பேட்ச்சயே வெளிய வச்சு டெஸ்ட் பண்ணணும், முடிஞ்சா வேற மாசத்துல வேற லாட் மீடியால ஓடுன பேட்ச்.

மூணாவது, மாடலோட கோயெஃபிஷியன்ட்ட, அதாவது ஸ்பெக்ட்ரம்ல எந்த இடத்துக்கு எவ்ளோ எடை குடுக்குதுங்குறத, வரஞ்சு பாருங்க. குளுக்கோஸ் மாடல்னா 1125 பக்கத்துல எடை விழணும். அங்க ஒண்ணுமே இல்லாம ஃபினைல்அலனின் பீக்லயோ ஃப்ளோரசன்ஸ் மேட்டுலயோ எடை கெடந்தா அது குளுக்கோஸ பாக்கல. அம்மோனியம், செல் எண்ணிக்கை இதுக்கெல்லாம் இந்த கேள்வி இன்னும் கூர்மையா கேக்கணும், ஏன்னா அம்மோனியம் அவ்ளோ கம்மியான அளவுல இருக்கும்போது அதோட சொந்த பீக்க பிடிக்கிறது கஷ்டம், கணிப்பு பெரும்பாலும் அதோட சேந்து மாறுற மத்த பொருள் வழியாத்தான் வருது. அது தப்புன்னு சொல்ல வரல, ஆனா மறைமுகமான கணிப்புன்னு தெரிஞ்சு வச்சு பயன்படுத்தணும்.

இன்னொண்ணும் சொல்லணும், லேப் மெஷினே அஞ்சு சதவீதம் முன்ன பின்ன காட்டும்னா அத வச்சு கத்துக்கிட்ட மாடல் அதவிட துல்லியம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

அளவு தெரிஞ்சா அத வச்சு என்ன பண்ணுவாங்க?

ரொம்ப நல்லா வேல செய்றது குளுக்கோஸ் கன்ட்ரோல். வழக்கமா காலைல சாம்பிள் எடுத்து, நாளைக்கு வரைக்கும் தாங்கணும்னு ஒரே அடியா நிறைய சர்க்கரை கொட்டுவாங்க. அதனால குளுக்கோஸ் ஒரு நேரம் மலை மாதிரி ஏறும், ஒரு நேரம் பள்ளத்துக்கு போகும். அதிகமா இருக்குற நேரத்துல செல்லு லாக்டேட்ட அதிகமா வெளிய விடலாம், பிஹெச் இறங்கும், அத சமாளிக்க பேஸ் (காரம்) ஊத்தணும், கரைசல்ல உப்போட செறிவு ஏறும், வளர்ச்சி பாதிக்கும், ஒண்ணு தொட்டு ஒண்ணா போகும். அதோட கரைசல்ல மிதக்குற குளுக்கோஸ் ஆன்டிபாடில இருக்குற லைசின்ங்குற அமினோ ஆசிட்ல தானாவே போய் ஒட்டிக்கும், இது கிளைகேஷன், நீரிழிவு நோயாளிக்கு ஹெச்.பி.ஏ.1.சி ஏறுறது இதே வேதியியல்தான்.

ராமன் கால் மணிக்கு ஒரு தடவ அளவு சொன்னா பம்ப் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தும், லிட்டருக்கு ரெண்டு கிராமோ மூணு கிராமோ, வச்ச இடத்துல நிக்கும். கிளைகேஷன் குறையுதுன்னு இப்டி ஓட்டி காட்டியிருக்காங்க. வெறும் ஸ்கிரீன்ல கோடு காட்டுறதோட நிக்காம பம்ப்ப கைல குடுக்குறப்பதான் இந்த முதலீட்டுக்கு அர்த்தம் வருதுன்னு நான் நினைக்கிறேன்.

ஆன்டிபாடியோட தரத்தயே லைவா பாக்க முடியுமா?

கஷ்டம், ஆனா முடியுற நிலைக்கு வந்துக்கிட்டிருக்கு. செல் கல்ச்சர்க்குள்ள கிளைக்கான நேரா பாக்குறது இன்னும் நம்பி இறங்குற மாதிரி இல்ல, வித்தியாசம் அவ்ளோ நுணுக்கம். ஆனா செல்ல வடிகட்டிட்டு புரோட்டீன் ஏ காலம் (column), அதாவது ஆன்டிபாடிய மட்டும் பிடிச்சு வைக்கிற ரெசின் நிறைச்ச குழாய், அத தாண்டி வந்தப்புறம் கரைசல் சுத்தம், ஆன்டிபாடி அடர்த்தியும் அதிகம், சிக்னல் நல்லா வரும்.

2023ல போரிங்கர் இங்கல்ஹைம் குழு வெளியிட்டது எனக்கு ரொம்ப புடிச்ச வேல. அவங்க டேட்டா பத்தலங்குற பிரச்சனயத்தான் முதல்ல பிடிச்சாங்க: காலம்ல இருந்து பகுதி பகுதியா வெளிய வர்ற கரைசல (ஃப்ராக்ஷன்) லேப்ல அளந்து, அத ரோபோ மூலமா வேற வேற விகிதத்துல கலந்து, அளந்தது கொஞ்சமே இருந்தாலும் கணக்கு போட்டு தெரிஞ்ச கலவை நிறைய உருவாக்கி, அதுல மாடலுக்கு பயிற்சி குடுத்தாங்க. கடைசில ஆன்டிபாடி கட்டியாகுறது, உடையுறது ரெண்டயும் 38 செகண்டுக்கு ஒரு தடவ சொல்ல முடிஞ்சுது. எப்பவும் இந்த டெஸ்ட் காலம் கிரோமட்டோகிராஃபில போட்டு ரிசல்ட்டுக்கு காத்திருக்கிற விஷயம். இதுல கவனிங்க, வெற்றி பெரிய நெட்வொர்க்ல இல்ல, டேட்டாவ எப்டி உருவாக்குனாங்கங்குறதுல இருக்கு.

ஜெர்மனில கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்ப நிறுவனத்துல 2017ல யூ.வி. ஸ்பெக்ட்ரத்தயும் பிஎல்எஸ்ஸயும் வச்சு, புரோட்டீன் ஏ காலம் நிறைஞ்சு ஆன்டிபாடி வழிய ஆரம்பிக்கிற கணத்த பிடிச்சு லோடிங்க தானா நிறுத்துற மாதிரி செஞ்சாங்க. புரோட்டீன் ஏ ரெசின் ரொம்ப விலை கூடுன பொருள், அத முழுசா பயன்படுத்துறதும் ஆன்டிபாடிய வீணாக்காம இருக்குறதும் காசு மிச்சம்.

கிருமி புகுந்தா கண்டுபுடிக்குமா?

பாக்டீரியா புகுந்து குளுக்கோஸ திடீர்னு காலி பண்ணா போக்கு மாறுறதுல இருந்து சீக்கிரம் சந்தேகம் வரும். வைரஸ ராமன் நேரா பாக்காது. 2009ல பாஸ்டன் ஆல்ஸ்டன்ல ஜென்ஸைம் ப்ளான்ட்ல வெசிவைரஸ் 2117 புகுந்து உற்பத்திய நிறுத்த வேண்டியதாச்சு, கோஷே (Gaucher) நோய்ங்குற அரிய மரபணு நோய்க்கான செரிசைம் மருந்துக்கு உலகம் பூரா தட்டுப்பாடு வந்துச்சு. அந்த வைரஸ் செல்லோட வளர்ச்சிய கெடுக்குற வகை. இந்த மாதிரி நேரத்துல வழக்கமான பாதைல இருந்து பேட்ச் விலகுதுன்னு ஹோட்டலிங் டி ஸ்கொயர் மாதிரி புள்ளிவிவர அளவு முன்கூட்டியே மணி அடிக்கலாம், ஆனா என்ன காரணம்னு சொல்லாது, அதுக்கு பிசிஆர் போட்டுத்தான் ஆகணும். ஸ்டெரிலிட்டி டெஸ்ட்ட தூக்கிட்டு இத வைக்கலாம்னு யாராவது சொன்னா ஏத்துக்காதீங்க.

மருந்து கட்டுப்பாட்டு அமைப்புங்க இத ஒத்துக்குதா?

ஒத்துக்குறது மட்டுமில்ல, ரொம்ப நாளா செய்யச் சொல்லிக்கிட்டே இருக்காங்க. அமெரிக்க எஃப்டிஏ 2004 செப்டம்பர்லயே பேட் வழிகாட்டுதல் வெளியிட்டுச்சு, அதாவது ப்ராசஸ் அனலிட்டிக்கல் டெக்னாலஜி. தரத்த கடைசில டெஸ்ட் பண்ணி கண்டுபுடிக்காம தயாரிப்புலயே கட்டி வைக்கணும்ங்குறதுதான் அதோட சாரம். பல நாட்டு மருந்து விதிகள ஒத்துப்போக வைக்கிற ஐசிஹெச் அமைப்போட வழிகாட்டுதல்ல, தொடர் உற்பத்திக்கான க்யூ13 2022ல முடிவாச்சு, 2023ல வந்த க்யூ2 திருத்தமும் க்யூ14ம் பிஎல்எஸ் மாதிரி பல மாறிகள் உள்ள மாடல எப்டி சரிபாக்கணும்னு பேசுது.

மெஷின் லேர்னிங்குக்குன்னு ஐரோப்பால 2025 ஜூலைல மருந்து தயாரிப்பு விதிகளுக்கான இணைப்பா அனெக்ஸ் 22 வரைவு கருத்துக்கு விட்டாங்க. அதுல, முக்கியமான வேலைகளுக்கு ஓடிக்கிட்டிருக்கும்போதே தன்னத்தானே மாத்திக்கிற மாடல் கூடாது, ஒரே இன்புட்டுக்கு ஒரே விடை தர்ற, உறைஞ்சு நிக்கிற மாடல்தான் வேணும்னு சொல்லியிருக்கு. எனக்கு இது நியாயமாத்தான் படுது. மாடல அப்டேட் பண்ண வேணாம்னு அர்த்தமில்ல, மாத்தினா மாத்தினதுக்கு காரணம், டெஸ்ட், கையெழுத்து எல்லாம் இருக்கணும், நோயாளி உடம்புல போற பொருள் இது.

சின்ன ரியாக்டர்ல கட்டுன மாடல் பெருசுல வேல செய்யுமா? ப்ரோப் மாறினா?

அப்டியே தூக்கி வச்சா பெரும்பாலும் தடுமாறும். ஒவ்வொரு ஸ்பெக்ட்ரோமீட்டருக்கும் லேசர், டிடெக்டர், ஃபைபர் கொஞ்சம் கொஞ்சம் வேற, ரெண்டு லிட்டர் கண்ணாடி ரியாக்டரும் 2,000 லிட்டர் பிளாஸ்டிக் பை ரியாக்டரும் வேற வேற. அதுக்கு கேலிப்ரேஷன் டிரான்ஸ்ஃபர்னு தனி கலையே இருக்கு: ஒரே ஸ்டாண்டர்ட ரெண்டு கருவிலயும் அளந்து ஒண்ண இன்னொண்ணுக்கு திருத்துறது, இல்ல ரெண்டு கருவியோட டேட்டாவயும் சேத்தே மாடல் கட்டுறது. பெரிய ஸ்கேல் பேட்ச் ஒண்ணு ரெண்டயாவது டிரெயினிங்ல சேத்தா நல்ல முன்னேற்றம் தெரியும். பேட்ச் நடுவுல ப்ரோப் ஜன்னல்ல படலம் படியுறதயும், லேசர் வயசாகுறதயும், மீடியா லாட் மாறுறதயும் கண்காணிக்க ஒரு ஆள் வேணும், அதனால தினசரி சாம்பிள் அடியோட ஒழியாது, குறையும்.

இதுக்கு என்ன படிக்கணும்? எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

பயோடெக் படிச்சவங்க புள்ளிவிவரமும் பைத்தானும் கத்துக்கணும், கம்ப்யூட்டர் படிச்சவங்க செல்லு எப்டி சாப்பிடுதுன்னு கத்துக்கணும், ரெண்டாவதுக்குத்தான் அதிக பொறுமை வேணும்னு என் எண்ணம். இந்தியால பயோசிமிலர் (ஏற்கெனவே இருக்குற பயோ மருந்துக்கு நிகரா செய்ற மருந்து) செய்ற இடங்க ஹைதராபாத், பெங்களூர்னு நிறைய, ஐஐடி டெல்லில அனுராக் ராத்தோர் குழு இந்த துறைல ரொம்ப வருஷமா வேல செய்றாங்க, அவங்க பேப்பர படிக்கலாம்.

கையில லேப் இல்லன்னா முதல்ல சோள டேட்டாவ எடுங்க. 80 சோள சாம்பிள மூணு நியர் இன்ஃப்ராரெட் கருவில அளந்து ஈரம், எண்ணெய், புரோட்டீன், மாவு அளவோட இலவசமா குடுத்திருக்காங்க, ஒரு கருவில பிஎல்எஸ் கட்டி இன்னொரு கருவியோட டேட்டால போட்டு பாருங்க, மேல சொன்ன டிரான்ஸ்ஃபர் பிரச்சன கண்ணு முன்னாடி தெரியும். அடுத்து இண்ட்பென்சிம், பெனிசிலின் ஃபெர்மென்டேஷன கம்ப்யூட்டர்ல நடத்தி எடுத்த 100 பேட்ச் டேட்டா, சிமுலேட் பண்ண ராமன் ஸ்பெக்ட்ரமும் கூடவே இருக்கு, கடைசி பத்து பேட்ச்ல வேணும்னே கோளாறு வச்சிருக்காங்க. முதல் 90ல மாடல் கட்டி அந்த பத்துல ஓட்டுங்க. எந்த பேட்ச்ல எந்த நேரத்துல மாடல் பொய் சொல்ல ஆரம்பிக்குது, அத உங்க டி ஸ்கொயர் பிடிச்சுதா இல்லயான்னு ஒண்ணொண்ணா குறிச்சு வைங்க, இன்டர்வியூல இத பத்தி அரை மணி நேரம் பேசலாம்.